பொழிச்சலூர் மொட்டைமாடியில் விமானச் சத்தம் அளந்த கதை

சென்னை விமான நிலையத்தின் மேற்கு முனையில், அதாவது பொழிச்சலூர், பம்மல், அனகாபுத்தூர் பக்கம் குடியிருப்பவர்களுக்கு ராத்திரி ஒன்றரை மணிக்கு ஜன்னல் கண்ணாடி அதிர்வதைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. வெளிநாட்டு விமானங்களில் பல நள்ளிரவுக்குப் பிறகுதான் வந்து போகின்றன. தூக்கம் கெட்டால் கோபம் வரும், கோபம் வந்தால் மனு எழுதத் தோன்றும். "விமானச் சத்தம் தாங்க முடியவில்லை, உடனடி நடவடிக்கை எடுக்கவும்" என்று எழுதும் மனுவுக்கு எந்த அலுவலகத்திலிருந்தும் "கவனத்தில் கொள்ளப்பட்டது" என்ற ஒரு வரிதான் வரும். எந்த விமானம், எந்த நேரம், எந்த ஓடுபாதை, எத்தனை டெசிபல், நீங்கள் கேட்பது என்ன என்பதெல்லாம் அந்த மனுவில் இருக்காது. இது புரிவதற்குள் மீட்டர், ஆய்வகம், ஜன்னல் என்று எழுபதாயிரம் ரூபாய்க்கு மேல் போய்விட்டது. ஒரு வருஷமும் போனது. இதே வேலையில் இறங்கப் போகிறவர்களுக்காக, கற்றதை எல்லாம் கொட்டி வைக்கிறேன்.

முதலில் எல்லோரும் எடுப்பது போன் செயலியைத்தான். ஆள் பேசும் குரலுக்கு ஏற்றபடி செய்த மைக் அது. சத்தம் பெரிதானால் பல போன்கள் தாமாகவே அதைக் குறைத்துப் பதியும். ஆண்ட்ராய்டில் ஒரு மாடலுக்கும் இன்னொன்றுக்கும் பத்து டெசிபல்கூட வித்தியாசம் வரும். ஐபோனில் அமெரிக்க அரசு நிறுவனமான நியோஷ் இலவசமாகத் தரும் செயலி பரவாயில்லை ரகம். வீட்டில் இருப்பவர்களுக்குக் காட்ட அது போதும், மனுவோடு இணைக்க ஆகாது. அடுத்த வலை, இணையக் கடைகளில் இரண்டாயிரம் மூவாயிரத்துக்குக் கிடைக்கும் கையடக்க மீட்டர். அந்த நொடியின் அளவைத் திரையில் காட்டுவதோடு அதன் வேலை முடிந்துவிடும். சேமித்து வைக்காது, சராசரி போடாது. வாங்கும் முன் நான்கு விஷயம் பாருங்கள்: ஒலி மீட்டர்களின் துல்லியத்துக்கான ஐ.இ.சி. 61672 தரத்தில் வகுப்பு 1 அல்லது 2 என்று எழுதியிருக்க வேண்டும், 'ஏ' எடையிடல் (மனிதக் காது கேட்கும் விதத்துக்கு ஏற்ப அளவைத் திருத்துவது) இருக்க வேண்டும், 'ஸ்லோ' நிலை (ஒரு நொடி வாக்கில் சமன் செய்து காட்டுவது) இருக்க வேண்டும், ஒவ்வொரு நொடியின் அளவையும் மெமரியில் எழுதி வைக்க வேண்டும். கடைசியாகச் சொன்னது இல்லையென்றால் மற்ற மூன்றும் இருந்தும் பயனில்லை. வகுப்பு 1 கருவிகள் லட்சங்களில் போகும். தனி ஆளுக்கு நல்ல வகுப்பு 2 போதும். பத்துப் பேர் சேர்ந்தால் வகுப்பு 1 வாடகைக்கு எடுப்பது புத்திசாலித்தனம்.

மீட்டரை விட முக்கியம் அளவுதிருத்தி. மைக்கின் மேல் தொப்பி போலச் செருகினால் 1000 ஹெர்ட்ஸில் 94 டெசிபல் ஒலி தரும் சின்ன டப்பா. அளக்கத் தொடங்கும் முன் ஒரு முறை, முடித்த பிறகு ஒரு முறை வைத்துப் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். இரண்டுக்கும் 0.5 டெசிபலுக்கு மேல் வித்தியாசம் வந்தால் அந்த இரவுப் பதிவை ஒதுக்கிவிடுங்கள். மலிவானதே பத்தாயிரத்துக்கு மேல் ஆகும் என்று இதைத் தவிர்க்கிறார்கள். ஆனால் எதிர்த்தரப்பு முதலில் கேட்கும் கேள்வி இதுதான்.

எங்கே வைப்பது என்பதில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். ஜன்னல் ஓரம் கூடாது, சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி மூன்று டெசிபல் வரை கூட்டிக் காட்டும். மொட்டைமாடிதான் இடம். ஆனால் தண்ணீர் டேங்க், படிக்கட்டு அறைச் சுவர், தகரக் கொட்டகை எதுவானாலும் மூன்றரை மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். கைப்பிடிச் சுவரை விட உயரமாக பி.வி.சி. குழாயில் கட்டி நிறுத்துங்கள். நிரந்தரக் கண்காணிப்பு நிலையங்களில் மைக்கை ஆறு மீட்டர் உயரத்திலாவது வைக்கச் சொல்வதற்கும் இதே காரணம்தான், கீழே கூரையும் சுவர்களும் ஒலியைக் குழப்பும். மைக்குக்குப் பஞ்சுறை போட்டே ஆக வேண்டும். போடாவிட்டால் மத்தியானம் கடல்காற்று எழுந்ததும் மைக்கில் காற்று மோதும் உறுமலே விமானம் மாதிரி பதிவாகும். காற்று நொடிக்கு ஐந்து மீட்டரைத் தாண்டிய நேரத்தையும் மழை பெய்த நேரத்தையும் கழித்துவிடுங்கள். பக்கத்து வீட்டு ஏ.சி. வெளிப்பெட்டி எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆடி மாசமும் மார்கழியும் அளக்க ஆகாத காலம், விடிவதற்கு முன்பே கோயில் ஒலிபெருக்கி தொடங்கிவிடும். காகம் குழாயின் மேலேயே உட்கார்ந்து கத்தினால் 90ஐத் தொடும். இதையெல்லாம் பிரித்துக் காட்ட மீட்டரோடு ஒலிப்பதிவும் ஓட வேண்டும். அது இல்லாமல் வெறும் எண்ணை நீட்டினால் "அது நாய் குரைத்ததாக இருக்கலாம்" என்பார்கள். மறுக்க முடியாது.

எந்த ஏற்றத்தை விமானம் என்று எடுத்துக்கொள்வது என்பதற்கு ஐ.எஸ்.ஓ. 20906 என்ற தரம் வழி சொல்கிறது. விமானத்தின் உச்ச அளவு சுற்றுப்புறச் சத்தத்தை விட 15 டெசிபலாவது மேலே இருந்தால்தான் அந்த நிகழ்வின் ஒலியை நம்பகமாகக் கணக்கிட முடியும். ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிய வீட்டில் பகலில் அது நடக்காது. சந்துக்குள் இருக்கும் வீட்டில் ராத்திரி சுலபமாக நடக்கும். இடம் தேர்ந்தெடுக்கும்போது சத்தம் அதிகமான வீட்டைத் தேடாதீர்கள், மற்றச் சத்தம் குறைவான வீட்டைத் தேடுங்கள்.

ஆய்வகத்துக்குக் கொடுத்த பணம்தான் இன்னும் வயிற்றெரிச்சல். பெயர் வேண்டாம். அங்கீகாரம் பெற்ற இடம்தான், 24 மணி நேர அறிக்கைதான். ஆனால் அவர்கள் செய்தது மணிக்கொரு முறை பத்து நிமிடம் அளந்து, அதை அந்த மணிக்கான சராசரியாக எழுதியது. அந்தப் பத்து நிமிடத்தில் விமானம் வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. தெருச் சத்தத்துக்கு ஒத்துவரும் முறை இது, நிமிஷத்துக்குள் வந்து போகும் விமானத்துக்கு ஆகாது. ஆர்டர் கொடுக்கும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: இடைவெளி விடாத பதிவு, நொடிவாரித் தரவுக் கோப்பு, கருவியின் வரிசை எண், அளவுதிருத்தச் சான்றிதழின் தேதி, மைக் வைத்த இடத்தின் புகைப்படம், காற்று வேகம். அங்கீகாரம் இருக்கிறது என்று சொன்னால் போதாது, சுற்றுப்புற ஒலி அளவீடு அந்த அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இனி விமானத்தை அடையாளம் காண்பது. ஃப்ளைட்ரேடார்24 போன்ற செயலிகளில் விமான எண், வகை, உயரம், நேரம் எல்லாம் கிடைக்கும். இலவசக் கணக்கில் பழைய பதிவு சில நாட்கள்தான் நிற்கும், அன்றன்றைக்கே எடுத்து வைத்துவிடுங்கள். மீட்டர் கடிகாரத்தை ஒவ்வொரு இரவும் போன் நேரத்தோடு ஒப்பிட்டுச் சரி செய்யுங்கள். மலிவு மீட்டர்களின் கடிகாரம் ஒரு வாரத்தில் நிமிஷக்கணக்கில் ஓடிவிடும், அப்புறம் ஒரு விமானத்தின் சத்தம் இன்னொன்றின் தலையில் விழும். விமான நிலைய வானிலைக் குறிப்புகளில் நேரம் உலகப் பொது நேரத்தில் இருக்கும். ஐந்தரை மணி கூட்ட மறந்தால் தேதியே மாறிப்போகும்.

உயரத்தில் ஒரு சூட்சுமம் உண்டு. செயலி காட்டும் உயரம் 1013 ஹெக்டோபாஸ்கல் என்ற நிலையான காற்றழுத்தத்தை வைத்துக் கணக்கிட்டது. ஜூனில் சென்னையில் அழுத்தம் 1004 வாக்கில் இருக்கும். ஒரு ஹெக்டோபாஸ்கலுக்கு ஏறத்தாழ 27 அடி என்று போட்டால், செயலி சுமார் 250 அடி கூடக் காட்டுகிறது. "ஆயிரம் அடியில் போக வேண்டியது எண்ணூறில் போகிறது" என்று எழுதும் முன் இன்னொன்றையும் கணக்கிடுங்கள். இறங்கும் விமானம் மூன்று டிகிரிச் சரிவில் வரும், ஒரு கிலோமீட்டருக்கு 52 மீட்டர் இறங்கும், ஓடுபாதை முனையை 15 மீட்டர் உயரத்தில் கடக்கும். முனையிலிருந்து 3 கிலோமீட்டரில் இருக்கும் வீட்டுக்கு மேல் அது தரையிலிருந்து சுமார் 170 மீட்டரில், அதாவது 560 அடியில், போவதுதான் முறை. கொடியில் காயும் துணி மேல் இடிப்பது போலத் தெரியும்தான். ஆனால் தாழப் பறக்கிறது என்ற ஒரு வரியை மனுவில் சேர்த்துவிட்டால், அது தவறு என்று காட்டி மற்றதையும் ஒதுக்கிவிட வசதியாகிவிடும்.

ஓடுபாதையும் காற்றும் தெரியாமல் சென்னைச் சத்தத்தைப் பற்றிப் பேசவே முடியாது. பிரதான ஓடுபாதையின் பெயர் 07/25, நீளம் 3,658 மீட்டர். பாதை ஒன்றுதான், கிழக்குப் பக்கமாக ஓடினால் 07, மேற்குப் பக்கமாக ஓடினால் 25. விமானம் காற்றை எதிர்த்துத்தான் ஏறும், இறங்கும். வடகிழக்குப் பருவக்காற்றில் 07 ஓடும்: மேற்கிலிருந்து நம் தலைக்கு மேலாக இறங்கி, ஆலந்தூர், பரங்கிமலைப் பக்கமாக ஏறும். தென்மேற்குக் காற்றில் 25: கிண்டிப் பக்கமிருந்து இறங்கி, நம் பக்கமாக ஏறும். ஜூன், ஜூலையில் காலையில் 25 ஆக இருப்பது மத்தியானம் கடல்காற்று நுழைந்ததும் 07 ஆக மாறிவிடும். ஒரே வீட்டில் ஒரே நாளில் இரண்டு விதமான சத்தம். இறங்கும்போது குறுகிய, கீச்சென்ற ஒலி. ஏறும்போது நீண்ட, அடிவயிற்றில் இறங்கும் உறுமல். ஏர்பஸ் ஏ320 குடும்பத்துப் பழைய விமானங்கள் இறங்கும்போது தூரத்திலேயே விசில் போல ஒன்று கேட்கும். இறக்கைக்கு அடியில் உள்ள எரிபொருள் அழுத்த வெளியேற்றுத் துளைகளில் காற்று உரசுவதால் வருவது அது, காலிப் பாட்டில் வாயில் ஊதினால் வருவது போல. சின்னத் தகடு பொருத்தினால் போய்விடும். லுஃப்தான்சா 2014லிருந்தே பொருத்தி வருகிறது. ஆக நவம்பரில் ஒரு வாரம் அளந்துவிட்டு வருஷம் முழுக்க இப்படித்தான் என்று எழுதாதீர்கள். ஒவ்வொரு ஓடுபாதைத் திசைக்கும் ஒரு முழு வாரமாவது வேண்டும். குறுக்கே போகும் இரண்டாவது ஓடுபாதை 12/30. அதன் சத்தம் கொளப்பாக்கத்துக்காரர்களுக்கு. பிரதான ஓடுபாதையைப் பராமரிப்புக்கு மூடும் நாட்களில் அவர்கள் பக்கம் கூடும், நம் பக்கம் குறையும். அப்படி மூடுவதை விமானிகளுக்கு வெளியிடும் 'நோட்டம்' (NOTAM) என்ற அறிவிப்பில் முன்கூட்டியே சொல்வார்கள். அதைப் பார்க்காமல் "புதிதாக விமானங்களை எங்கள் பக்கம் திருப்பிவிட்டார்கள்" என்று கொதித்துப் பயனில்லை.

செயலியில் எந்த விமானமும் இல்லாத நேரத்தில் தொடர்ந்து இரைச்சல் கேட்டால் அது தரையிலிருந்து வருவது. நிறுத்தத்தில் இருக்கும் விமானத்தின் வால் பக்கம் ஓடும் துணை மின் எஞ்சினாகவோ, பழுது பார்த்தபின் எஞ்சினை ஓட்டிப் பார்ப்பதாகவோ இருக்கும். இதைத் தனியாகக் குறித்து வையுங்கள். பறக்கும் விமானத்தை விட இதை மாற்றுவது எளிது.

இப்போது சட்டம். நிறையப் பேர் 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளைக் காட்டி, குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 என்று எழுதுகிறார்கள். விமான நிலையங்களுக்கென்று 2018 ஜூனில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் தனி வரம்பு வெளியிட்டுவிட்டது. வருஷத்துக்கு 50,000 முறைக்கு மேல் விமானம் ஏறி இறங்கும் நிலையங்களுக்குப் பகலில் 70, இரவில் 65. மற்றவற்றுக்கு 65, 60. சென்னை முதல் வகையில் வரும். இந்த எண்கள் அந்த நொடியின் உச்ச அளவு அல்ல. காலை 6 முதல் இரவு 10 வரை பதினாறு மணி நேரத்துக்கும், இரவு எட்டு மணி நேரத்துக்குமான ஆற்றல் சராசரி. "எங்கள் வீட்டில் 85 காட்டியது, வரம்பு 70தான்" என்ற வாதம் இந்த இடத்தில்தான் உடையும்.

கணக்கு இதோ. ஒரு விமானம் கடந்து போகும் மொத்த ஒலியை ஒரு நொடிக்குள் அடக்கிச் சொல்லும் அளவை எஸ்.இ.எல். என்பார்கள். உச்சம் 80 வந்தால் இது பெரும்பாலும் 90க்குப் பக்கத்தில் இருக்கும். பகல் சராசரிக்கு, எல்லா எஸ்.இ.எல். மதிப்புகளையும் ஆற்றலாக மாற்றிக் கூட்டி, மறுபடி டெசிபலாக்கி, 47.6 கழிக்க வேண்டும். இரவுக்கு 44.6 கழிக்க வேண்டும். 90 எஸ்.இ.எல். உள்ள விமானங்கள் பகலில் 200 போனால் சராசரி 65.4 மட்டுமே. 70ஐத் தொட 575 விமானம் வேண்டும், சென்னையில் ஒரு வீட்டின் மேல் அத்தனை போகாது. இரவு 65ஐத் தொட 91 போதும். எஸ்.இ.எல். 95 ஆக இருக்கும் வீட்டில் வெறும் 29. அதனால் பகல் அளவீட்டில் காசையும் உழைப்பையும் கொட்டாதீர்கள். ஓடுபாதை நேர்க்கோட்டுக்கு அடியில், அமைதியான சந்தில், இரவு பத்து முதல் காலை ஆறு வரை அளந்து வையுங்கள். அறிக்கையில் இரண்டு சராசரி கொடுங்கள், எல்லாச் சத்தமும் சேர்த்து ஒன்று, விமான நிகழ்வுகள் மட்டும் தனியாக ஒன்று. இரண்டாவது இல்லாவிட்டால் பழியைச் சாலை மேல் போட்டுவிடுவார்கள்.

கணக்கு வரம்புக்குள்தான் இருக்கிறது என்று தெரிந்தபோது மனசு விட்டுப்போனது உண்மை. ஆனால் வரம்பு மீறினால்தான் கேட்க வேண்டும் என்றில்லை. செய்யக்கூடியதைக் கேட்டால் போதும். காற்று அசையாத இரவுகளில் இரண்டு திசைகளையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்த முடியுமா, பின்னிரவில் இறங்கியபின் எதிர் உந்துவிசையை (வேகம் குறைக்க எஞ்சின் விசையை முன்பக்கம் திருப்புவதை) முழுதாகக் கொடுக்காமல் இருக்க முடியுமா, எஞ்சின் சோதனையை எந்த இடத்தில் எந்த நேரத்துக்குள் நடத்தலாம், துணை எஞ்சினுக்குப் பதில் தரை மின்சாரம் தரலாமா, ஏறும்போது சத்தக் குறைப்பு நடைமுறைகளில் எது பின்பற்றப்படுகிறது. இப்படி ஒரு மனுவுக்கு ஒரே கோரிக்கை. "இரவு விமானத்தையே நிறுத்துங்கள்" என்பதை ஊர்வலத்தில் கேட்கலாம், மனுவில் வேண்டாம்.

ஆளுக்கு நூறு மனு போடுவதும் வேண்டாம். வாஷிங்டன் ரீகன் விமான நிலையத்துக்கு 2015ல் வந்த 8,760 புகார்களில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் ஒரே வீட்டிலிருந்து வந்தவை. அது வெளியே தெரிந்ததும் புகார் எண்ணிக்கைக்கே மதிப்புப் போய்விட்டது. இருபது வீடுகள், வீட்டுக்கொரு மனு, ஒரே படிவம் என்பது நல்ல வழி: தேதி, நேரம், விமான எண், வகை, ஏறியதா இறங்கியதா, உச்ச அளவு, எஸ்.இ.எல்., வீட்டிலிருந்து ஓடுபாதை முனைக்குத் தூரம். விமான நிலைய இயக்குநர் அலுவலகத்துக்கு ஸ்பீட் போஸ்ட்டிலும், மத்திய அரசின் சி.பி.கிராம்ஸ் என்ற குறைதீர் தளத்திலும் ஒரே நாளில் போடுங்கள். அந்தத் தளத்தில் 21 நாளுக்குள் பதில் தர வேண்டும் என்று 2024ல் விதி வைத்திருக்கிறார்கள். தகவல் உரிமை மனு பத்து ரூபாய்தான், முப்பது நாள். ஆனால் "ஏன் சத்தம் போடுகிறது" என்று கேட்டால் அது தகவல் அல்ல என்று திரும்பி வரும். இருக்கும் ஆவணத்தைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்: குறிப்பிட்ட மாதத்தில் மணிவாரியாக எந்த ஓடுபாதை எத்தனை முறை, எஞ்சின் சோதனைப் பதிவேடு, ஒலி கண்காணிப்பு அறிக்கைகள், சத்தப் புகார்ப் பதிவேடு. பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீட்டுக்கு முப்பது நாள், இரண்டாவதுக்குத் தொண்ணூறு நாள்.

நடுவில் ஜன்னல் விஷயம், ஏனென்றால் பணம் அதிகம் போனது அதில்தான். இரட்டைக் கண்ணாடி போட்டால் சத்தம் போய்விடும் என்று நகரும் கதவு ஜன்னலாக விற்பார்கள். நகரும் கதவுகளின் நடுவே பிரஷ் பட்டைதான் இருக்கும், காற்று போகும் இடத்தில் சத்தமும் போகும். ரப்பர் வைத்து அழுந்த மூடும் கீல் கதவு ஜன்னலே வேண்டும். கண்ணாடி மெல்லியதாக இரண்டு என்பதை விட, நடுவில் படலம் வைத்த கனமான லேமினேட்டட் கண்ணாடி மேல். பழைய ஜன்னலை அப்படியே விட்டு, பத்து சென்டிமீட்டர் உள்ளே தள்ளி இன்னொரு ஜன்னல் போடுவது அதைவிட மேல். இதெல்லாம் செய்தும் மேலே வென்டிலேட்டர் திறந்திருந்தால், ஏ.சி. குழாய் ஓட்டையை அடைக்காவிட்டால், கூரை ஆஸ்பெஸ்டாஸாக இருந்தால், காசு வீண். படுக்கையறை ஒன்றை மட்டும் முழுதாகச் செய்யுங்கள், வீடு முழுக்கப் பாதி பாதி வேண்டாம். இந்தப் பக்கம் வீடு வாங்க இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: விமான நிலைய ஆணையத்தின் வண்ண மண்டல வரைபடம் கட்டட உயரத்துக்கானது. அதில் உங்கள் மனை எந்த நிறத்தில் இருந்தாலும் சத்தத்தைப் பற்றி அது எதுவும் சொல்லாது. ஒரு இரவு அங்கே தங்கிப் பாருங்கள், முடிந்தால் ஜூலையில் ஒன்று, டிசம்பரில் ஒன்று.

மனுக்களில் எதுவும் நகராவிட்டால் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் இருக்கிறது, தென்மண்டல அமர்வு சென்னையிலேயே உட்காருகிறது. டெல்லி விமான நிலையச் சத்தம் பற்றி வசந்த் குஞ்ச் பக்கத்திலிருந்து போன வழக்கும் பசுமைத் தீர்ப்பாயத்தில்தான் நடந்தது. பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். தக்க காரணம் காட்டினால் இன்னும் அறுபது நாள் கிடைக்கும். அதனால் தரவு சேர்க்கும்போதே, எப்போது எந்த மாற்றம் தொடங்கியது என்பதைத் தேதியோடு எழுதி வையுங்கள். மெமரி கார்டில் உள்ள மூலக் கோப்பைத் திறந்து திருத்தாமல் அப்படியே ஒரு பிரதி எடுத்துத் தனியே வையுங்கள், எக்செலில் வேலை செய்வது வேறு பிரதியில். அளவுதிருத்திச் சான்றிதழ், மைக் வைத்த படங்கள், ஒலிப்பதிவு, வானிலைக் குறிப்பு எல்லாம் ஒரு இரவுக்கு ஒரு ஃபோல்டராக, தேதியைப் பெயராக வைத்து. வக்கீலிடம் பென்டிரைவ் கொடுக்கும்போது, அந்த இரவு மீட்டர் பக்கத்தில் இருந்தவர் யார் என்பதையும் எழுதிக் கொடுங்கள். பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டியவர் அவர்தான்.